வெண் கடிதக் கோப்பு

பள்ளத்தாக்கு நீர்முறை ஒழுங்காணையத்தின் தேனி மண்டல அலுவலகத்தில் புதன்கிழமை காலை நடந்த அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் வருமாறு:

மண்டல அலுவலர் வினோத்ராஜ், பூத்துவாலை போர்த்திய சுழல் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. கண்காணிப்பாளர் சுயம்புலிங்கம், அவருக்கு வலப்புறம், கோப்புகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால். மூக்குக்கு மேலே உள்ள பகுதி மட்டும் வெளியே தெரியும்படி. தபால் பிரிவு உதவியாளர் ஷீபா, கணினிக்கு முன்னால். போடியில் கணினிக் கடை வைத்திருக்கும் பிரின்ஸ், கணினிக்குப் பின்னால், தரையில், ஒயர்களுக்கு நடுவே. தேவாரம் பக்கத்து வெற்றிலை விவசாயி சுருளியாண்டியைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. இருந்தாலும் வாசலை ஒட்டிக் கிடந்த, ஒரு கால் குட்டையான பெஞ்சில் அவர் இருந்தார். அவர் எழுந்தால் பெஞ்சின் மறுமுனையில் வைத்திருந்த குடிநீர்க் கேன் சரிந்துவிடும் என்பதால் அவரை வெளியே போகச் சொல்லவும் முடியவில்லை.

கூட்டத்தின் பொருள் ஒன்றுதான். அலுவலகக் கணினிக்கு மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. யார் அனுப்பியது, எந்தத் தேதி, என்ன பொருள் என்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. திறந்தால் உள்ளே வெள்ளை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல, ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை.

இதனால் வேலை எதுவும் நின்றுவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வருகிற மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, வட்ட முத்திரை குத்தி, எண் போட்டு, கண்காணிப்பாளர் மேசைக்கு அனுப்புவது கணினி வாங்கிய நாளிலிருந்து அந்த அலுவலகத்தின் வழக்கம். ஷீபா வழக்கப்படியே செய்தார். அச்சுப்பொறிக்குள் வெள்ளையாகப் போன தாள், வெளியே வரும்போதும் வெள்ளையாகவே, கொஞ்சம் சூடாக வந்தது. அதில் முத்திரை விழுந்தது. சுயம்புலிங்கம் ஒவ்வொரு தாளையும் மேலிருந்து கீழே பார்த்து, ஓரத்தில் ‘படித்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். இதற்கென்றே ஒரு கோப்பு தொடங்கி, அட்டையில் ‘வெண் கடிதக் கோப்பு’ என்று பெயரும் வைத்தார். ஒவ்வொரு வெண் கடிதத்துக்கும், ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, அதில் கண்டுள்ளவை கவனிக்கப்பட்டு வருகின்றன’ என்று பதிலும் போனது. அந்த மாதம் பதில் அனுப்புவதில் தேனி மண்டலமே முதலிடம் என்று மதுரைத் தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் ஒன்று வந்ததாக நம்பப்படுகிறது. பொருளில் ‘பாராட்டு’ என்று இருந்தது. உள்ளே வெள்ளை.

மின்னஞ்சல் நிரல் தொடர்பாக முன்னர் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் கூட்டத்தின் தொடக்கத்தில் ஷீபா வாசித்தார். அவை இரண்டு. முதலாவது, கண்காணிப்பாளர் கண்புரை அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பிறப்பித்தது: கண்ணுக்கு இதமாகத் திரை கறுப்பாக்கப்பட்டிருப்பதால், கடிதங்களின் எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டாவது, வினோத்ராஜ் மாற்றலாகி வந்த அன்று பிறப்பித்தது: அலுவலகத்தில் கறுப்பு அபசகுனம், எனவே திரையின் பின்புலம் வெள்ளையாக இருக்க வேண்டும். முதல் ஆணையை முன்பிருந்த ஒப்பந்தக்காரர் நிறைவேற்றினார். இரண்டாவதை பிரின்ஸ் நிறைவேற்றினார். நிறைவேற்றிய பிறகு அவர் கடிதம் எதையும் திறந்து பார்க்கவில்லை. கடிதம் திறப்பது தபால் பிரிவின் வேலை.

“ரெண்டு நடவடிக்கையும் முழுசா முடிஞ்சிருச்சுல்ல?” என்று கேட்டார் வினோத்ராஜ்.

“முழுசா முடிஞ்சிருச்சு சார்.”

“அப்ப இந்தக் கோளாறுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்தது.”

அடுத்தது பெஞ்சில் இருந்தது.

சுருளியாண்டிக்கு ஒரு கொடிக்கால் உண்டு. அகத்தியில் ஏறிப் படர்ந்த வெற்றிலைக் கொடிகள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வெள்ளிக்கிழமை முறை அவருடையது. புதிய முறைப் பட்டியலைக் கணினியில் ஏற்றிய தலைமையக ஊழியர், சுருளியாண்டி என்ற பெயர் பல இடங்களில் வருவதைக் கண்டு, ஒரே ஆள் ஊரார் தண்ணீரையெல்லாம் வாங்குகிறார் என்று திகைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டார். அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் ‘சுருளி’ என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும் என்பது மதுரையில் தெரிந்திருக்கவில்லை. நீக்கப்பட்ட சுருளியாண்டிகளில் மதுரை வரைக்கும் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டவர் இவர் ஒருவர்தான். அங்கே, “ஆர்டர் போட்டாச்சுங்க, உங்க மண்டல ஆபீசுக்கு மெயில்ல போயிருச்சு” என்றார்கள்.

மடைக் காவலர் பேச்சிமுத்து இவருக்கு மைத்துனர் முறைதான். ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “மச்சான், ஒறவெல்லாம் வீட்டுல. மடைக்கு வந்தா வட்ட முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும் வேணும். அது இல்லாம எங்க அப்பனே எந்திரிச்சு வந்து கேட்டாலும் பலகையத் தூக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை சுருளியாண்டி முதல் முறை இந்த அலுவலகத்துக்கு வந்தபோது நடந்த பேச்சு இது:

“தாயி, எனக்கு ஆர்டர் வந்துருச்சுன்னு மதுரையில சொன்னாக.”

“வந்திருக்குண்ணே,” என்றார் ஷீபா. “இந்தா இருக்கு பாருங்க, ‘சுருளியாண்டி, தேவாரம் பிரிவு, நீர்முறை குறித்து.’”

“முறை குடுத்துட்டாகளா, இல்லைன்னுட்டாகளா?”

“அது உள்ள இருக்கும்ணே.”

“உள்ள என்ன இருக்கு?”

“உள்ள ஒண்ணும் இல்லண்ணே.”

அன்றிலிருந்து அவர் பெஞ்சில் இருந்தார். சாயங்காலம் ஊருக்குப் போய், காலையில் திரும்பவும் வந்து இருந்தார். கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. மனைவி ஜோதிலட்சுமி.

“என்னங்க, தாளு கெடைச்சுச்சா?”

“தாளு இருக்கு லட்சுமி. எழுத்துத்தான் இன்னும் வரல.”

“எழுத்து தனியா எந்த பஸ்சுல வருதாம்?”

“அதுக்குத்தான் கூட்டம் போட்டிருக்காக.”

“கூட்டம் போட்டா கொடி நனைஞ்சிருமா? எலையெல்லாம் அப்பளமாட்டம் சுருண்டு கெடக்கு. இந்த வெள்ளியும் தண்ணி பாயலைன்னா கொடிக்காலத் தலைமுழுகிட்டு ரெண்டு பேரும் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப்பு ஏற வேண்டியதுதான். நீங்க அங்கனயே பெஞ்சுக்குக் காவலா இருங்க.”

குரல் அறை முழுவதும் கேட்டது. வினோத்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நடவடிக்கையைத் தொடங்கலாம்” என்றார்.

“மொதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம் சார்,” என்றார் பிரின்ஸ், மேசைக்கு அடியிலிருந்து.

“அலுவலக நேரத்துல கணினியை அணைக்கலாமா?” என்று சுயம்புலிங்கம் விதிகளைப் புரட்டினார். அணைக்கக் கூடாது என்று விதி இல்லை. அணைக்கலாம் என்றும் இல்லை. கடைசியில், அணைக்கப்படும் நேரம் மின்தடையாகக் கருதப்படும் என்று வினோத்ராஜ் வாய்மொழியாக ஆணையிட்டார். அணைத்தார்கள். போட்டார்கள். ஷீபா ஒரு கடிதத்தைத் திறந்தார்.

“முன்னைக்கு இப்ப பளிச்சுன்னு இருக்கு,” என்றார் வினோத்ராஜ்.

வெள்ளைதான் பளிச்சென்று இருந்தது.

பிரின்ஸ் ஊதுகருவியைக் கொண்டுவந்து கணினிப் பெட்டிக்குள் காற்றடித்தார். தூசியும், பல்லி முட்டை ஓடும், சென்ற ஆயுத பூஜைக்கு வைத்த பொரியும் வந்தன. எழுத்து வரவில்லை. பிறகு வைரஸ் தேடினார். இல்லை. அஞ்சல் பெட்டியைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். கடைசியாகத் தன் கைபேசியிலிருந்து அலுவலக முகவரிக்கு ‘வணக்கம்’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டார். அது வந்து சேர்ந்தது. திறந்தால் வெள்ளை.

“மெயில் நல்லா வருது சார். வணக்கம் மட்டும் வரல.”

“வந்ததை வந்ததுன்னு பதியணும்,” என்றார் சுயம்புலிங்கம். “ஷீபா, அந்த வணக்கத்தை அச்செடுத்து முத்திரை குத்துங்க. பதில் வணக்கம் போகணும்.”

பிரின்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நிரலையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகலாம் என்றார். அதற்குத் தலைமையக அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மின்னஞ்சல் போனது. அதிசயமாக, தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடினார்கள். ஷீபா திறந்தார்.

அதுவும் வெள்ளை.

“அனுமதி குடுத்திருக்காகளா?” என்று கேட்டார் பிரின்ஸ்.

சுயம்புலிங்கம் அச்செடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மறுத்திருந்தா காரணம் எழுதியிருப்பாக. இதுல காரணம் எதுவும் இல்லை. அதனால மறுக்கல. ஆனா அனுமதிச்சிருந்தா நிபந்தனை எழுதியிருப்பாக. நிபந்தனையும் இல்லை. அதனால அனுமதிக்கவும் இல்லை.”

“அப்ப என்னதாங்கய்யா சொல்றாக?” என்றார் சுருளியாண்டி.

“பரிசீலனையில இருக்குன்னு சொல்றாக.”

சுருளியாண்டிக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார். “ஏங்கய்யா, மதுரைக்கு ஒரு போனைப் போட்டு, என்ன எழுதியிருக்கீகன்னு கேட்டுட்டா என்ன?”

வினோத்ராஜ் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் சுருளியாண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“போன்ல சொன்னா முத்திரையை எங்கய்யா குத்துறது?”

அடுத்த யோசனை வினோத்ராஜுடையது. கணினி கிழக்குப் பார்த்திருப்பதுதான் கோளாறு. எழுத்து சம்பந்தப்பட்ட சாமான் வடக்குப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய மாமனார் பெரியகுளத்தில் கடையைத் திருப்பிவைத்த பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. கணினியைத் திருப்புவது என்று ஒருமனதாக முடிவானது. திருப்பியதும் எழுத்து வருகிறதா என்று பார்க்க, ஷீபா சுருளியாண்டியின் கடிதத்தைத் திறந்து வைத்தார். பிரின்ஸ் திரையைத் தூக்கினார். ஷீபா விசைப்பலகையை எடுத்துக்கொண்டார். சுட்டியைக் கீழே விட்டுவிடக் கூடாதென்று சுயம்புலிங்கம் அதை இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியில் அதன் இடது பொத்தான் அமுங்கியிருந்தது. அப்படியே மேசை மேல் அதை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

திரை வாசலைப் பார்த்துத் திரும்பியது. அதில், திறந்து கிடந்த சுருளியாண்டியின் கடிதத்தில், வெள்ளைக்கு நடுவே நீலம் பாய்ந்திருந்தது. நீலத்துக்குள்ளே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள்.

“ஐயோ, நீலம்!” என்று கத்தினார் வினோத்ராஜ். “பிரின்ஸ், என்னது இது?”

பெஞ்சிலிருந்து சுருளியாண்டி படிக்கத் தொடங்கியிருந்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, சத்தமாக.

“‘தேவாரம் பிரிவு... சுருளியாண்டி, தகப்பனார் பெயர் மொக்கையன்... பெயர் தவறுதலாக நீக்கப்பட்டது... வெள்ளிக்கிழமை முறை மீண்டும் வழங்கப்படுகிறது... மடைக் காவலருக்கு உடனே...’ அய்யா! எனக்குக் குடுத்துட்டாகய்யா!”

அவர் துள்ளி எழுந்தார். பெஞ்சு மறுபக்கம் சாய்ந்தது. கேன் உருண்டு, மூடி கழன்று, தண்ணீர் அறை முழுக்கப் பாய்ந்து ஒயர்களை நோக்கி ஓடியது. பிரின்ஸ் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. நீர்முறை ஒழுங்காணையத்தின் தேனி மண்டலம் அந்த மாதத்தில் நேரடியாகத் திறந்துவிட்ட தண்ணீர் இதுதான்.

ஈரம் துடைத்து முடிந்ததும் கூட்டம் மறுபடி கூடியது. சுருளியாண்டி இப்போது நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், புரிஞ்சிருச்சு,” என்றார் பிரின்ஸ். “எழுத்தும் வெள்ள, பின்னாடியும் வெள்ள. சுட்டியால இழுத்தா பின்னாடி நீலமாகுது, அதனால எழுத்து தெரியுது. எல்லாக் கடிதமும் உள்ள அப்படியே இருக்கு. ரெண்டுல ஒண்ணை மாத்துனா முடிஞ்சது. ஒரு நிமிஷ வேலை.”

“எதை மாத்துவீங்க?” என்றார் வினோத்ராஜ்.

“எழுத்தைக் கறுப்பாக்கிருவோம் சார்.”

“எழுத்து வெள்ளையா இருக்கணுங்கிறது நான் போட்ட ஆணை,” என்றார் சுயம்புலிங்கம். “டாக்டர் சீட்டு இணைச்சிருக்கேன். அதை ரத்து பண்ணணும்னா என் கண்ணு சரியாயிருச்சுன்னு மருத்துவக் குழு சான்று குடுக்கணும்.”

“சரி, பின்னாடி கறுப்பாக்கிருவோம்.”

“அது நான் போட்டது,” என்றார் வினோத்ராஜ். “வந்த அன்னைக்குப் போட்ட முதல் ஆணை. அதையே ரத்து பண்ணுனா நான் எதுக்கு வந்தேன்னு ஆகிப்போகும்.”

“பச்சையாக்கலாமா?”

“பச்சை மைக்குத்தான். திரைக்குக் கிடையாது.”

பிரின்ஸ் ஊதுகருவியைப் பைக்குள் வைத்தார்.

“எப்படியோ போகட்டும்யா,” என்றார் சுருளியாண்டி. “என் ஆர்டரை நாம எல்லாரும்தானே பாத்தோம்? அதை ஒரு தாள்ல எழுதி மடைக்குக் குடுங்க. நான் கெளம்புறேன்.”

“பார்த்தது நீங்க,” என்றார் சுயம்புலிங்கம். “அதுவும் நீலத்துல பார்த்தீங்க. இந்த அலுவலகத்துக்கு வந்து முத்திரை விழுந்தது வெள்ளைக் கடிதம். கோப்புல இருக்கிறதும் அதுதான். நீலத்துல தெரிஞ்சதை நாங்க ஒத்துக்கிட்டா, இத்தனை நாளா நான் ‘படித்தேன்’னு எழுதுனதெல்லாம் என்ன ஆகும்?”

அப்போதுதான் வினோத்ராஜ் எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சை ஷீபா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதால் இங்கே அப்படியே தர முடிகிறது.

“பெரியவரே, நீங்க வெவசாயி. தண்ணி வந்தா சந்தோஷம், வரலைன்னா வருத்தம். எங்களுக்கு அப்படி இல்லை. நாங்க நிர்வாகம். கடிதம் வந்துச்சா, முத்திரை விழுந்துச்சா, பச்சை மை பட்டுச்சா, இதுதான் நிர்வாகம். உள்ள என்ன எழுதியிருக்குங்கிறது இலக்கியம். நான் சர்வீசுக்கு வந்த நாள்ல இருந்து பாக்குறேன், கடிதத்தைப் படிச்ச எடத்துலதான் பிரச்சனையே வந்திருக்கு. படிச்சவன் ஒண்ணு கேப்பான், அதுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும், அதை இன்னொருத்தன் மறுக்கணும். இந்த வெள்ளை வந்த பெறகு இந்த மண்டலத்துல ஒரு சண்டை உண்டா? ஒரு நிலுவை உண்டா? யாராச்சும் சாயங்காலம் லேட்டா வீட்டுக்குப் போனோமா? ஆனாலும் உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. எந்த நிறத்தை மாத்தலாம்னு தலைமையகத்துக்குத் தபால்லயே ஒரு கடிதம் எழுதுறேன். பதில் வரட்டும்.”

“அதுக்குள்ள வெள்ளிக்கெழம போயிருமேய்யா!”

“வெள்ளிக்கிழமை எங்கயும் போகாது. அடுத்த வாரமும் வரும்.”

சுருளியாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொடிகள் அப்பளமாட்டம் சுருண்டு கிடப்பது கண் முன்னால் வந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஜோதிலட்சுமி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வந்தது.

“அய்யா, ஒண்ணே ஒண்ணு. எனக்கு வந்த கடிதம்னு கோப்புல ஒண்ணு வச்சிருக்கீகள்ல. அதுக்கு ஒரு நகலாச்சும் குடுங்க. அதுக்கு எனக்கு உரிமை இருக்கா, இல்லையா?”

அவர் கோபத்தில் கேட்டது அது. வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்ற ரோசம், அவ்வளவுதான். ஆனால் சுயம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அந்த அலுவலகத்தில் அன்றைக்கு விதிப்படி கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

“இருக்கு. தாராளமா இருக்கு. ஷீபா, வெண் கடிதக் கோப்பை எடுங்க.”

சுருளியாண்டியின் வெண் கடிதத்தை வெளியே எடுத்து நகல் எடுத்தார்கள். சுயம்புலிங்கம் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை ஒவ்வொரு வரியாக இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தூசிதான். ஊதினார். போய்விட்டது.

“பிழை இல்லை,” என்றார். ‘உண்மை நகல்’ என்ற முத்திரையும், அதன் பக்கத்தில் வட்ட முத்திரையும் விழுந்தன. வினோத்ராஜ் பச்சை மைப் பேனாவைத் திறந்து, ஒரு முறை உதறி, நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

சுருளியாண்டி அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தேவாரம் பஸ் ஏறினார்.

வீட்டில் அதை விரித்துப் பார்த்த ஜோதிலட்சுமி, முதலில் பின்பக்கம் திருப்பினாள். அங்கேயும் இல்லை.

“இதுக்கா இத்தன நாளு பெஞ்சத் தேச்சீக? வெறுந்தாளு நம்ம ஊரு கடையிலயே கெடைக்குமே!”

“முத்திரை கெடைக்காதுல்ல.”

“முத்திரைய வச்சு கொடிக்கு வெசிறவா?”

வெள்ளிக்கிழமை விடிந்ததும், வேறு வழி தெரியாமல், சுருளியாண்டி மடைக்குப் போனார். ஜோதிலட்சுமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அது வாய்க்கால் வெட்டவா, மைத்துனரை வெட்டவா என்று அவருக்குத் தெரியவில்லை.

பேச்சிமுத்து மடைமேல் குந்தியிருந்தார். “என்ன மச்சான், தாளு வந்துருச்சா?”

சுருளியாண்டி ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினார்.

பேச்சிமுத்து விரித்தார். நேராகப் பிடித்தார். பிறகு தலைகீழாகப் பிடித்தார். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முத்திரையின் வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். பச்சை மையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். நகத்தில் பச்சை ஒட்டியதைப் பார்த்ததும் எழுந்தார்.

“சரியா இருக்கு மச்சான்.”

“எலே பேச்சி,” என்றாள் ஜோதிலட்சுமி, தாங்க முடியாமல். “அதுல எழுத்தே இல்லையேடா!”

“எழுத்தப் பாக்குறது ஆபீசு வேல அக்கா. மடையில முத்திரையத்தான் பாக்கணும். இன்ன வரைக்கும் ஒரு தாளையும் நான் படிச்சதில்ல. ஒரு தப்பும் நடந்ததில்ல.”

அவர் பலகையைத் தூக்கினார். தண்ணீர் முதலில் ஒரு கோடாக வந்தது, பிறகு நுரைத்துக்கொண்டு வாய்க்காலை நிறைத்தது. ஜோதிலட்சுமி மண்வெட்டியோடு ஓடினாள். கொடிக்காலுக்குள் தண்ணீர் நுழைந்தபோது காய்ந்த மண் சொர் என்று இழுத்துக்கொண்ட சத்தம் மடை வரைக்கும் கேட்டதாகப் பேச்சிமுத்து பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

திங்கட்கிழமை சுருளியாண்டி மறுபடியும் தேனி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கவுளி வெற்றிலை, தண்ணீர் பாய்ந்த கொடியில் கிள்ளியது. நன்றி சொல்ல என்று நினைத்து வினோத்ராஜ் எழுந்து வாங்கிக்கொண்டார். நன்றியும் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், முறைக்கு முறை தாள் வேண்டும் என்று பேச்சிமுத்து சொல்லி அனுப்பியிருந்தது.

“அடுத்த வெள்ளிக்கும் ஒரு நகல் வேணும்யா. அப்படியே கோடைக்கும் சேத்துக் குடுத்தாலும் வாங்கிக்கிருவேன்.”

“மனு இருக்கா?” என்றார் சுயம்புலிங்கம்.

சுருளியாண்டி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். சுயம்புலிங்கம் விரித்தார். வெள்ளைத் தாள். கீழே மட்டும் ‘மொ. சுருளியாண்டி’ என்று கையெழுத்து. அவர் மேலிருந்து கீழே பார்த்து, ஓரத்தில் ‘படித்தேன்’ என்று எழுதி, ஷீபாவிடம் நீட்டினார். முத்திரை விழுந்தது.

“பாத்தீங்களா சுயம்பு?” என்றார் வினோத்ராஜ், வெற்றிலையில் காம்பைக் கிள்ளியபடி. “உள்ள ஒரு எழுத்துகூட இல்லாம ஒரு வெவசாயிக்குத் தண்ணி போய்ச் சேந்திருக்கு. எழுத்து இருந்திருந்தா போயிருக்குமா? எழுத்து மதுரையில இருந்தப்ப போச்சா? இது கோளாறே இல்லை. இது சீர்திருத்தம். நம்ம கடிதத்தை மாத்துங்க. நிறத்தை மாத்தலாமான்னு கேக்க வேணாம். எல்லா மண்டலத்துலயும் எழுத்தும் பின்புலமும் வெள்ளையாக்கணும்னு பரிந்துரை பண்ணுங்க. விரிவா எழுதுங்க.”

ஷீபா கணினியைப் போட்டு மின்னஞ்சல் நிரலைத் திறந்தார். அந்த அலுவலகத்தில் கடிதம் எதுவும் அதிலேதான் தட்டப்படும். வினோத்ராஜ் சொல்லச் சொல்ல, வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு, கைப்பழக்கத்தில் தட்டினார். வினோத்ராஜ் நடந்துகொண்டே சொன்னார். இரண்டு முறை மேற்கோள் காட்டினார். ஒரு முறை தன்னை மறந்து கண் கலங்கினார். முடிந்ததும் ஷீபா அச்செடுத்தார்.

“சார், தாள்ல ஒண்ணும் விழலை.”

“எத்தனை பக்கம்?”

“மூணு பக்கம் சார்.”

“அப்ப விரிவாத்தான் இருக்கு.”

பச்சை மை உதறப்பட்டது. மூன்று பக்கத்திலும் கையெழுத்து விழுந்தது, வட்ட முத்திரை விழுந்தது. சுயம்புலிங்கம் அடிக்கோலை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்து, இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் கொஞ்சம் காட்டமாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். இருக்கட்டும் என்றார் வினோத்ராஜ். தாள்களை மடித்து, நீளமான பழுப்பு உறைக்குள் போட்டு, பசை தடவி ஒட்டி, அரக்கு உருக்கி வைத்து, ஆறுவதற்குள் முத்திரையை அழுத்தினார்கள். பஸ் நிலையம் பக்கம்தானே போகிறீர்கள் என்று உறையைச் சுருளியாண்டியிடமே கொடுத்தார்கள். அவர் அதைப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும், தேவாரம் பஸ்சைப் பிடிக்க ஓடினார். உறையின் மேல் மதுரை முகவரியை மட்டும் ஷீபா தன் கையால் கறுப்பு மையில் எழுதியிருந்தார். ஏனென்றால் தபால்காரர் இந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் அல்லர்.